ஓர் உடலுக்குள் பல வயதுகள்

சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளும் எச்பிஏ1சி பரிசோதனையை நம் ஊரில் ‘மூணு மாச சராசரி’ என்றே சொல்கிறார்கள். அன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. கடந்த சில வாரங்களாக ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியது என்பதைப் பார்க்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் அந்தச் சிவப்பணு சாகும்வரை ஒட்டியபடியே இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எப்போது ஊசி குத்தி ரத்தம் எடுத்தாலும் அதில் நேற்று பிறந்த அணுவும் இருக்கும், நாளை சாகப்போகும் அணுவும் இருக்கும். மூன்று மாதம் என்று சொன்னாலும் எல்லா நாளுக்கும் அதில் சம பங்கு இல்லை. கடைசி ஒரு மாதத்தின் பங்கே ஏறத்தாழப் பாதி. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவருக்கு இந்தப் பரிசோதனை உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும், ஏனென்றால் சர்க்கரை சேரும் அளவுக்கு அவருடைய அணுக்கள் உயிரோடு இருப்பதில்லை. செல்லின் வயதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சராசரியைப் படிக்க முடியாது என்பதை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எவரும் அறிவர்.

உடல் முழுவதையும் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த எச்சரிக்கையை மறந்துவிடுகிறோம். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மனித உடலின் எல்லாச் செல்களும் மாறிவிடுகின்றன, ஆகவே ஏழு ஆண்டுக்கு முன் இருந்தவர் இப்போது இல்லை என்ற கூற்று வாட்ஸ்அப் செய்திகளிலும் தன்னம்பிக்கைப் புத்தகங்களிலும் தவறாமல் வருகிறது. இது முழுக்க வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் முடியாது. ஸ்வீடனில் செல்களின் வயதை நேரடியாக அளந்த ஆய்வாளர் யோனாஸ் ஃபிரிசேன், வளர்ந்தவர் ஒருவரின் உடற்செல்களின் சராசரி வயது ஏழு முதல் பத்து ஆண்டுக்குள் இருக்கலாம் என்று 2005 இல் சொன்னார். முன்பே உலவிய ஒரு நம்பிக்கைக்கு அந்த எண் அறிவியல் முத்திரை குத்திவிட்டது. ஆனால் சராசரி வயது ஏழு என்பதும் ஏழு ஆண்டில் எல்லாம் மாறிவிடும் என்பதும் ஒன்றாகாது. ஓர் ஊரின் சராசரி வயது முப்பது என்றால் அங்கே எல்லாரும் அறுபதில் இறக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதையும் தாண்டி ஒரு வாதத்தை முன்வைக்கிறது: மனித உடலுக்குப் புதுப்பிப்புக் காலம் என்று ஒற்றை எண் எதுவும் கிடையாது, எந்த எண்ணைச் சொன்னாலும் அது எதை எண்ணினோம் என்பதைக் காட்டுமே தவிர, உடலைக் காட்டாது. புதிதாகப் பிறந்த செல் இளமையான செல்லாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

முதல் குழப்பம் அணுக்களில் தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் 1930களில் கன ஹைட்ரஜனையும் கன நைட்ரஜனையும் உணவில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார். அதுவரை உடலின் கட்டுமானம் நிலையானது, உணவு வெறும் எரிபொருள் என்றே பலர் நினைத்திருந்தனர். சாப்பிட்ட நைட்ரஜனில் பெரும்பகுதி சில நாட்களிலேயே எலியின் புரதங்களுக்குள் போய் அமர்ந்திருந்தது. உடலின் பகுதிகள் ஓயாமல் அழிந்து கட்டப்படுகின்றன என்பதை அது நிலைநாட்டியது. பின்னர் 1950களில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த பால் ஏபர்சோல்ட், உடலின் அணுக்களில் 98 விழுக்காடு ஓர் ஆண்டுக்குள் மாறிவிடுகின்றன என்று கணக்கிட்டுச் சொன்னார். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதையும், அது சில வாரங்களில் மாறிவிடும் என்பதையும் வைத்துப் பார்த்தால் இது வியப்புக்குரியதில்லை. ஆனால் தண்ணீர் மாறுவதும் செல் மாறுவதும் வேறு வேறு. உயிரோடு இருக்கும் ஒரு நியூரான் தன் புரதங்களையும் கொழுப்புகளையும் மாற்றிக்கொண்டே எண்பது ஆண்டு இருக்கலாம். அதற்குள் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் முக்கியமான பெரிய மூலக்கூறு டிஎன்ஏ. செல் பிரியும்போது படியெடுக்கப்படுவதைத் தவிர, அதில் புதிய கார்பன் சேர வேறு பெரிய வழி இல்லை. ஆகவே செல்லின் பிறந்த தேதியை அதன் டிஎன்ஏவில்தான் தேட வேண்டும்.

அந்தத் தேதியை எழுதி வைத்தவை அணுகுண்டுகள். 1955 முதல் 1963 வரை அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் திறந்த வெளியில் வெடித்த குண்டுகளால் காற்றிலிருந்த கார்பன்-14 வடகோளத்தில் ஏறத்தாழ இருமடங்கானது. 1963 இல் திறந்தவெளிச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் வந்ததும் அளவு சரியத் தொடங்கியது. கதிரியக்கச் சிதைவால் சரியவில்லை, கார்பன்-14 இன் அரைவாழ்வு 5,700 ஆண்டுக்கு மேல். கடலும் காடுகளும் உறிஞ்சிக்கொண்டதால் காற்றில் இருந்த மிகை சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பாதியானது. இந்தக் காற்றிலிருந்து கரியமில வாயு செடிக்குப் போனது, செடியிலிருந்து நெல்லுக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும், அவற்றிலிருந்து மனிதருக்கும். 1964 இல் பிறந்த செல்லின் டிஎன்ஏவில் கார்பன்-14 மிக அதிகம். 1985 இல் பிறந்ததில் குறைவு. குண்டுகள் எந்த நாட்டில் வெடித்தன என்பது முக்கியமில்லை, காற்றுக்கு எல்லை கிடையாது. அணு ஆயுதப் போட்டி விட்டுச்சென்ற பயனுள்ள பொருள் எதுவென்று கேட்டால், இதைத் தவிர வேறொன்றைச் சொல்வது கடினம்.

யோசனை எளிது, செய்முறை அப்படியில்லை. ஒரு மனிதச் செல்லின் டிஎன்ஏவில் சுமார் 12,000 கோடி கார்பன் அணுக்கள் உள்ளன. இயற்கையில் கார்பன்-14 லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. ஆகவே எட்டு செல்களின் டிஎன்ஏவைத் திரட்டினால்தான் அதில் ஒரு கார்பன்-14 அணு தேறும்; வயதை நம்பும்படி அளக்க லட்சக்கணக்கான செல்கள் வேண்டும். இறந்தவர்களின் திசுவை அரைத்து, செல்களின் கருக்களைப் பிரித்து, நியூரானின் கருவுக்கு மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தால் அடையாளமிட்டு, ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வடிகட்டி, அதிலிருந்து டிஎன்ஏவைச் சுத்தமாக எடுத்து, துகள் முடுக்கியில் அணுக்களை எண்ண வேண்டும். வேறு செல்களின் கருக்கள் கொஞ்சம் கலந்தாலும் விடை கெடும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் ஃபிரிசேனும் இதைச் செய்து 2005 இல் வெளியிட்ட முதல் முடிவுகளிலேயே வேற்றுமை பளிச்சென்று தெரிந்தது. முப்பதுகளின் இறுதியில் இருந்தவர்களின் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைச் செல்களின் சராசரி வயது சுமார் 15 ஆண்டு. சிறுகுடலின் உட்படலத்தை உரித்தெடுத்த பிறகு எஞ்சிய செல்களுக்குச் சுமார் 16 ஆண்டு. உரித்தெடுத்த அந்த உட்படலமோ ஐந்து நாட்களுக்குள் மாறிவிடும் என்பது பழைய செய்தி. ஒரே குடலின் சுவரில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள், ஐந்து நாளும் பதினாறு ஆண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இப்போது சராசரிக்கு வருவோம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் செண்டரும் ரான் மைலோவும் 2021 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓர் ஆண் உடலில் நாளொன்றுக்கு 33,000 கோடி செல்கள் புதிதாகப் பிறக்கின்றன. எடைக்கணக்கில் அது சுமார் 80 கிராம். உடலின் மொத்தச் செல்கள் 30 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால், மொத்த எண்ணிக்கைக்குச் சமமான புதுச் செல்கள் உருவாக மூன்று மாதம் போதும். ஏழாண்டு எங்கே, மூன்று மாதம் எங்கே! எடையை வைத்து வகுத்தால் விடை மறுபடியும் மாறுகிறது: 70 கிலோ மனிதரில் செல்களின் எடை 46 கிலோ அளவில், நாளுக்கு 80 கிராம் என்றால் ஒன்றரை ஆண்டுக்கு மேல். மூன்று எண்களுமே நேர்மையான கணக்குகள், மூன்றும் ஒரே உடலைப் பற்றியவை. வேறுபாட்டுக்குக் காரணம் சிவப்பணுக்கள். உடற்செல்களின் எண்ணிக்கையில் 84 விழுக்காடு அவைதான். தினமும் பிறக்கும் செல்களிலும் 86 விழுக்காடு ரத்தச் செல்கள், 12 விழுக்காடு குடல் உட்படலச் செல்கள். தோலும் கல்லீரலும் நுரையீரலும் மற்ற எல்லாமும் மீதி இரண்டு விழுக்காட்டில் அடங்கும். செல்களின் எடையில் முக்கால் பங்கு தசைக்கும் கொழுப்புக்கும் உரியது, எண்ணிக்கையில் அவற்றின் இடம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு நகரப் பேருந்தில் நாள் முழுவதும் ஆயிரம் பேர் ஏறி இறங்கலாம். நாற்பது இருக்கைக்கு ஆயிரம் பயணிகள், ஆகவே வண்டியில் எல்லாரும் இருபத்தைந்து முறை மாறிவிட்டார்கள் என்று கணக்குப் போட்டால் காலையிலிருந்து அதே இருக்கையில் இருக்கும் ஓட்டுநர் கணக்கில் காணாமல் போவார். உடலின் ‘சராசரி’ புதுப்பிப்பும் இப்படித்தான் ஓட்டுநர்களைத் தொலைக்கிறது.

வேகமாக மாறுபவற்றைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை, புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொள்பவரைப் பார்த்தால் போதும். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை எந்தச் செல்லையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை, பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தாக்குகின்றன. ஒரு வாரத்துக்குள் வாய்ப்புண் வருகிறது, வயிறு கெடுகிறது. இரண்டாம் வாரத்தையொட்டி வெள்ளணு எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. சில வாரங்களில் முடி கொட்டுகிறது. வாய், குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் என்ற அந்த வரிசை உடலின் வேகமான ஆலைகளின் பட்டியல். மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் சிவப்பணுக்களை அனுப்புகிறது. தட்டணுவின் ஆயுள் எட்டு முதல் பத்து நாள். மேல்தோல் மாற ஒன்றிரண்டு மாதம். நம் நாட்டில் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்ததானம் செய்யலாம் என்ற விதி இந்த ஆலையின் திறனையும் இரும்புச்சத்து திரும்பிச் சேரும் வேகத்தையும் நம்பி எழுதப்பட்டது.

மறுகரையில் இருப்பவை இதைவிடச் சுவையானவை. கண் லென்ஸின் நடுப்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதற்காக அங்குள்ள செல்கள் தம் கருவையே கரைத்துவிடுகின்றன. கரு இல்லாத செல்லால் பழுதான புரதத்தை அகற்றிப் புதிதாகச் செய்ய முடியாது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2008 இல் லென்ஸ் புரதங்களின் கார்பன்-14 ஐ அளந்தபோது, அவை அந்த மனிதரின் பிறந்த ஆண்டையொட்டிய எண்ணையே காட்டின. ஐம்பது வயதுக்காரர் ஐம்பது ஆண்டுப் பழைய கண்ணாடி வழியாகத்தான் உலகைப் பார்க்கிறார். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வருவதும் பின்னர் கண்புரை விழுவதும் இந்தப் பழைமையின் விளைவுகள்: புதிய அடுக்குகள் வெளியே சேர்ந்துகொண்டே போக, உள்ளே இருப்பது இறுகுகிறது, புரதங்கள் திரிகின்றன. மூளையின் மேலுறையான புறணியில் உள்ள நியூரான்களின் வயதும் அந்த மனிதரின் வயதும் ஒன்றே என்பதை ஸ்டாக்ஹோம் குழு காட்டியது. குதிகால் நாணின் மையப்பகுதி பதினேழு வயதுக்குள் கட்டி முடிக்கப்பட்டு, பிறகு ஏறத்தாழ மாறுவதில்லை என்பது 2013 இல் தெரியவந்தது. நடுவயதில் கிழிந்த நாண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆவதும், ஆறிய இடம் பழையபடி இல்லாமல் தழும்பாக நிற்பதும் இந்தப் பின்னணியில் புரிகிறது. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிட்டவை. நாற்பது வயதில் கருத்தரிக்கும் முட்டையும் நாற்பதைத் தாண்டியது.

இதயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிவியலின் ஆசைகள் எப்படி வழிதவறும் என்பதற்கும் அது சான்று. இதயத் தசைச் செல்கள் பிரிவதே இல்லை என்று நூற்றாண்டுக்காலம் நம்பப்பட்டது. இத்தாலிய நோயியலாளர் ஜூலியோ பிட்சோசெரோ 1894 இல் திசுக்களை ஓயாமல் மாறுபவை, தேவைப்பட்டால் மாறுபவை, மாறாதவை என்று மூன்றாகப் பிரித்ததிலிருந்து அது மூன்றாம் பெட்டியில் இருந்தது. 2009 இல் ஓலாஃப் பெர்க்மனும் ஃபிரிசேனும் கார்பன்-14 முறையில் அளந்து, 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடும் 75 வயதில் 0.45 விழுக்காடும் மாறுகின்றன என்றார்கள். அதாவது நீண்ட ஆயுளில்கூடப் பாதிக்கும் குறைவான செல்களே புதியவை. இதே காலத்தில் அமெரிக்காவில் பியரோ அன்வெர்சா தலைமையிலான ஆய்வகம், இதயத்தில் புதுச் செல்களைப் பெற்றுத் தரும் குருத்தணுக்கள் இருப்பதாகவும் அது வாழ்நாளில் பலமுறை முற்றாக மாறுவதாகவும் எழுதிவந்தது. மாரடைப்பில் இறந்த தசையை மீண்டும் வளர்க்கலாம் என்ற நம்பிக்கையில் நோயாளிகளிடம் சோதனைகளும் நடந்தன. 2018 இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதன் பிரிகாம் மருத்துவமனையும், பொய்த் தரவு இருப்பதாகக் கூறி, அந்த ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு இதழ்களைக் கேட்டுக்கொண்டன. உடல் தன்னை முழுசாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற செய்தியை நம்ப எல்லாரும் தயாராக இருக்கிறோம். படித்தவர்கள் அதற்கு விலக்கில்லை.

மாறாத திசுக்கள் என்று நான் அடுக்கிய பட்டியலுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மூளையிலும் புது நியூரான்கள் பிறக்கின்றனவே? நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸில் அவை பிறப்பதாக 1998 இல் பீட்டர் எரிக்சனும் ஃபிரெட் கேஜும் காட்டினார்கள். பிரியும் செல்களைக் குறிக்கும் ஒரு வேதிப்பொருள் நோயின் நிலையை அறிய ஏற்றப்பட்டிருந்த புற்றுநோயாளிகள், இறந்த பிறகு மூளையைப் பார்க்க அனுமதி தந்திருந்தார்கள். அந்தக் குறி நியூரான்களில் இருந்தது. 2013 இல் ஸ்டாக்ஹோம் குழு, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 நியூரான்கள் சேர்வதாகக் கணக்கிட்டது. 2018 இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு, வளர்ந்தவர்களிடம் அப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றது. அடுத்த ஆண்டே ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு, திசுவைப் பதப்படுத்தும் நேரம் கூடினால் அடையாளங்கள் அழிந்துவிடும், கவனமாகப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று பதில் சொன்னது. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. என் வாதத்துக்கு எந்தத் தரப்பு வென்றாலும் கேடில்லை. நாளுக்கு 1,400 என்றே வைத்துக்கொள்வோம். அறுபது ஆண்டில் மூன்று கோடி. மூளையின் மொத்த நியூரான்கள் 8,600 கோடி. அறுபது ஆண்டுப் புதுவரவு ஆயிரத்தில் அரைப் பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு இடத்தில் புது நியூரான்கள் நினைவுக்கு முக்கியமானவையாக இருக்கலாம், அது வேறு கேள்வி. மூளை புதுப்பிக்கப்படுகிறது என்று சொல்ல அவை போதா.

இன்னொரு மறுப்பு தத்துவம் பேசுபவர்களிடமிருந்து வரும்: செல் அப்படியே இருந்தாலும் அதன் பொருள் முழுதும் மாறிவிடுகிறதே, அப்படியானால் அதைப் பழைய செல் என்று எப்படிச் சொல்வது? மாறுதல் முழுமையானது என்ற அனுமானமே தவறு. டிஎன்ஏ மாறாமல் இருப்பதால்தான் மேற்சொன்ன அளவீடுகளே நடந்தன. எலி மூளை ஆய்வுகளில், செல்கருவின் வாசல்களாக இருக்கும் சில புரதங்கள் விலங்கின் வாழ்நாளில் பெரும்பகுதி மாற்றப்படாமல் நிற்பதும் தெரியவந்திருக்கிறது. ஆனால் இந்த மறுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது: பொருள் மாறினாலும் அமைப்பு நிலைக்கலாம். பச்சை குத்திய கையில் அதைப் பார்க்கலாம். மேல்தோல் மாதந்தோறும் உதிர்ந்தும் பச்சை அழியாததற்குக் காரணம் மை அடித்தோலில் இருப்பது என்பது தெரிந்ததுதான். அங்கே அதை விழுங்கி வைத்திருக்கும் பாதுகாப்புச் செல்கள் நிலையானவை என்றே நினைத்திருந்தோம். 2018 இல் மார்செய்ல் நகர ஆய்வாளர்கள் எலிகளில் அந்தச் செல்களைக் கொன்று பார்த்தார்கள். செத்த செல் கக்கிய மையைப் புதிதாக வந்த செல் அதே இடத்தில் விழுங்கிக்கொண்டது. கோலம் அசையவில்லை. செல்கள் மாறியும் கறை நீடிக்கிறது.

இங்கிருந்துதான் என் வாதத்தின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. செல் புதிதாகப் பிறந்தால் அது இளமையானதா? 2022 இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பெர்க்மன் குழு, 20 முதல் 84 வயது வரையானவர்களின் கல்லீரலை அளந்தது. எல்லா வயதிலும் கல்லீரல் செல்களின் சராசரி வயது மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருந்தது. எண்பது வயதுக்காரரின் கல்லீரல் மூன்று வயதுக் குழந்தை என்று தலைப்புகள் வந்தன. அதே ஆய்வின் இன்னொரு முடிவைத் தலைப்புகள் விட்டுவிட்டன: கல்லீரலில் குரோமோசோம்களைக் கூடுதலாகச் சுமக்கும் செல்கள் உண்டு, அவை பத்து ஆண்டு வரை வாழ்கின்றன, வயது ஏற ஏற அவற்றின் பங்கு கூடுகிறது. மூன்று வயது என்பது அந்தச் செல் கடைசியாகப் பிரிந்த தேதி மட்டுமே. அதற்குக் கிடைத்த டிஎன்ஏ வாசகம் எண்பது ஆண்டாகப் படியெடுத்துப் படியெடுத்து வந்தது. செல்லுக்கு இரண்டு வயது உண்டு: தன் பிறந்த தேதியிலிருந்து ஒன்று, தன் வம்சம் தொடங்கிய கருவிலிருந்து ஒன்று. ஏழாண்டுக் கதை முதல் வயதை மட்டும் எண்ணிவிட்டு இரண்டாவதை மறைத்துவிடுகிறது.

ரத்தத்தைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் திசு வேறில்லை. உடலிலேயே மிகப் புதிய செல்கள் அங்கேதான். ஆனால் அவற்றைப் பெற்றுத் தரும் குருத்தணுக்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சுமார் 17 பிறழ்வுகளைச் சேர்த்துக்கொள்கின்றன. இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2022 இல் வெவ்வேறு வயதினரின் குருத்தணுக்களை ஒவ்வொன்றாக வளர்த்து, முழு மரபணுத்தொகுதியையும் படித்து, அவற்றின் குடும்ப மரத்தை வரைந்தார்கள். அறுபத்தைந்து வயதுக்குக் கீழ் இருந்தவர்களிடம் இருபதாயிரம் முதல் இரண்டு லட்சம் குருத்தணுக்கள் ஒருசேர ரத்தம் செய்துகொண்டிருந்தன. எழுபத்தைந்தைத் தாண்டியவர்களிடம் பன்னிரண்டு முதல் பதினெட்டு வம்சங்கள் மட்டுமே ரத்தத்தின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை பிடித்து வைத்திருந்தன. அந்த முதியவரின் சிவப்பணு எதுவும் 120 நாளைத் தாண்டாதது; அதைச் செய்யும் பட்டறை எண்பது ஆண்டுக் கிழம். இப்படிச் சில வம்சங்கள் ஓங்குவது ரத்தப்புற்று வாய்ப்பையும் இதயநோய் வாய்ப்பையும் கூட்டுகிறது என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. உடல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்போது ஏன் கிழடாகிறோம் என்ற பழைய கேள்விக்கு இதில் ஒரு பகுதி விடை கிடைக்கிறது. மீதி விடை செல்களுக்கு வெளியே இருக்கிறது: குருத்தெலும்பின் கொலாஜன் மூலக்கூறுகள் மனித ஆயுளைவிட மெதுவாக மாறுபவை, எந்தப் புதுச் செல்லும் அந்தப் பழைய சாரத்தின்மேல்தான் வந்து அமர வேண்டும்.

புதுப்பிப்புக்கு விலை உண்டு, அந்த விலை புற்றுநோய் என்பது அடுத்து வரும் இயல்பான ஊகம். பெருங்குடலில் புற்று அடிக்கடி வருகிறது, இதயத் தசையில் அரிதிலும் அரிது. ஊகம் பாதி தூரம் சரி. ஆனால் சிறுகுடலின் உட்படலம் வேகத்தில் யாருக்கும் சளைத்ததில்லை, அங்கே புற்று அரிது. வேகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இதைவிடச் சங்கடமான செய்தி 2021 இல் வந்தது: பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் பிரியாத நியூரான்களும், ஓயாமல் உழைக்கும் ரத்தக் குருத்தணுக்களும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரே அளவு பிறழ்வுகளைச் சேர்க்கின்றன. படியெடுக்கும்போது நேரும் பிழைதான் எல்லாப் பழுதுக்கும் மூலம் என்ற எளிய விளக்கம் இதனால் அடிபடுகிறது. செல் பிரிவு பழுதைப் பரப்புகிறது, பழுதுள்ள வம்சத்துக்குப் பெருக வாய்ப்புத் தருகிறது. பழுது உண்டாக வெறும் காலமே போதும் என்று தோன்றுகிறது. எனவே மாறும் திசு இளமையானது, மாறாத திசு முதுமையானது என்ற இரட்டைப் பிரிவையும் கைவிட வேண்டும்.

இவ்வளவையும் தாண்டிச் சந்தையில் ‘28 நாளில் புதிய நீங்கள்’ வகை வாக்குறுதிகள் விற்கின்றன. மேல்தோல் ஒன்றிரண்டு மாதத்தில் மாறுவது உண்மைதான், களிம்பு பூசினாலும் பூசாவிட்டாலும் மாறும். சுருக்கம் விழுவது அடித்தோலில், அங்கே கணக்கு ஆண்டுகளில். இளைத்தால் கொழுப்புச் செல்கள் ஒழிந்துவிடும் என்று உடல் இளைப்பவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதலும் இப்படித்தான்: கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு மாறுகின்றன என்று 2008 இல் ஸ்பால்டிங் குழு கண்டது, ஆனால் வயிற்று அறுவை சிகிச்சையால் மளமளவென்று இளைத்தவர்களிடம் இரண்டு ஆண்டு கழித்து எண்ணியபோது செல்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வொன்றும் சிறுத்திருந்தது, அவ்வளவுதான். செத்தவற்றுக்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் புதியவை வந்துகொண்டிருந்தன.

இந்த அளவீடுகளையெல்லாம் தந்த கருவியின் காலம் இப்போது முடிந்துகொண்டிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவை, அவற்றில் கார்பன்-14 மிச்சமில்லை. அவற்றை எரித்து விடும் புகை காற்றிலுள்ள கார்பன்-14 இன் விகிதத்தை ஆண்டுதோறும் தாழ்த்தி, குண்டுகளுக்கு முந்தைய அளவுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. 1950களிலிருந்து 1990கள் வரை பிறந்தவர்களின் திசுவில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறது. இன்று பிறக்கும் குழந்தையின் செல்களை எழுபது ஆண்டு கழித்து எடுத்தால் அதே தெளிவோடு படிக்க முடியாது. அதனால் ஆய்வகங்கள் பிறழ்வுகளை எண்ணும் முறைக்குத் திரும்பியிருக்கின்றன. ஆனால் அந்தக் கடிகாரம் செல் எப்போது பிறந்தது என்பதைச் சொல்லாது. ஐந்து நாள் குடல் செல்லிலும் எண்பது ஆண்டு நியூரானிலும் அது எண்ணுவது, கருவிலிருந்து கழிந்த ஆண்டுகளை.